விவிலியத் திரைப்படங்களில் மூலத்திற்கு உண்மையாதல்: ஒரு மொழிபெயர்ப்பியல் நோக்கு

விவிலியக் கதைகளைத் திரைப்படமாக்குவோர்மீது இருவகைக் குற்றச்சாட்டுகள் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றன. மூலத்தில் இல்லாதவற்றைச் சேர்த்துவிட்டனர் என்பது ஒன்று. மூலத்தை அப்படியே ஒப்புவித்து, பொறுமையோடு பார்க்க இயலாத படத்தை எடுத்துவிட்டனர் என்பது மற்றொன்று. முன்னதைச் சமயப் பற்றாளரும் பின்னதைத் திரைத் திறனாய்வாளரும் கூறுவர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பதுபோலத் தோன்றினும், அடிப்படையில் ஒரே கருத்தை ஏற்றுக்கொண்டவர்களே. மூலத்திற்கு உண்மையாதல் என்பது சொற்களையும் நிகழ்ச்சிகளையும் கூட்டாமல் குறைக்காமல் தருவது என்பதே அக்கருத்து. மொழிபெயர்ப்புத் துறையில் இக்கருத்து பலமுறை சோதிக்கப்பட்டு வலுவிழந்துவிட்டது. திரைப்படத்தைப் பற்றிய பேச்சில் மட்டும் அது இன்னும் தளராமல் நிற்கிறது. விவிலிய எடுத்துரைப்பு தன் பொருளைச் சொல்லியவற்றால் மட்டுமன்றிச் சொல்லாது விட்டவற்றாலும், ஒன்றை முதன்மைப்படுத்தி மற்றொன்றை அடக்கிக் கூறும் தொடரமைப்பாலும் உணர்த்துகிறது. ஆகவே உண்மையாதலின் அளவுகோலும் அவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதைச் சில படங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலத்தின் இயல்பு

தொடக்கநூலின் 22ஆம் அதிகாரம் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடச் செல்வதைக் கூறுகிறது. பழைய வழக்கில் ஆதியாகமம் எனப்படும் நூல் இது. எரிக் ஆவர்பாக் 1946இல் வெளியிட்ட 'மிமேசிஸ்' என்னும் நூலின் முதல் இயலில் இப்பகுதியை ஹோமரின் எடுத்துரைப்போடு ஒப்பிட்டார். ஹோமரில் எல்லாம் வெளிச்சத்தில் நிற்கின்றன. பொருள்களுக்கு வரலாறு உண்டு, மாந்தர் தம் மனத்தை வாய்விட்டு உரைக்கின்றனர். எபிரேயப் பகுதியிலோ கதை நடக்கத் தேவையானவை தவிர வேறெதுவும் வெளிச்சம் பெறுவதில்லை. மூன்று நாள் பயணம் நடக்கிறது. அம்மூன்று நாளில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நிகழும் உரையாடல் ஒன்றே ஒன்றுதான். ஆபிரகாமின் முகம் எப்படி இருந்தது, ஈசாக்கின் அகவை என்ன, சாராளிடம் செய்தி சொல்லப்பட்டதா என்பவற்றுக்கு விடையில்லை. பலி தடுக்கப்பட்ட பின்னர் ஆபிரகாம் பணியாட்களிடம் திரும்பினான் என்று மட்டும் பாடம் சொல்கிறது. ஈசாக்கு உடன் வந்தானா என்பதுகூடச் சொல்லப்படவில்லை.

இச்சிறு பகுதியில் 'ஹின்னேனி' என்னும் எபிரேயச் சொல் மூன்று முறை வருகிறது. 'இதோ நான்' என்பது அதன் நேர்ப்பொருள். கடவுள் அழைக்கும்போது ஆபிரகாம் தரும் மறுமொழி அது. வழியில் மகன் அழைக்கும்போது தரும் மறுமொழியும் அதுவே. கத்தி உயர்ந்த நிலையில் வானதூதன் அழைக்கும்போது தரும் மறுமொழியும் அதுவே. கடவுளுக்கும் மகனுக்கும் ஒரே சொல்லால் விடையளிக்கும் மனிதன் இருவருக்கும் ஒருசேரக் கடமைப்பட்டவனாக நிற்கிறான். கதையின் முழு வேதனையும் அவ்வொரு சொல் மும்முறை வருவதில் அடங்கியுள்ளது எனலாம். தமிழில் நெடுங்காலம் வழங்கிவரும் பழைய திருப்புதலில் கடவுளுக்கும் தூதனுக்கும் கூறும் விடையில் 'அடியேன்' என்னும் பணிவுச்சொல் அமைகிறது. மகனுக்குக் கூறும் விடையில் அது அமைவதில்லை. தமிழின் மரியாதை வழக்கு இவ்வேறுபாட்டைக் கட்டாயமாக்குகிறது. மகனிடம் 'அடியேன்' என்று கூறும் தந்தை தமிழில் இருக்க இயலாது. மொழிபெயர்ப்பாளர் பிழை செய்யவில்லை. ஆனால் மூலத்தில் ஒன்றாக இருந்த சொல் இங்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

திரைக்கு வரும்போது இதே நெருக்கடி வேறு உருவில் தோன்றுகிறது. ஒரு நடிகர் 'இதோ நான்' என்னும் தொடரை மும்முறை சொல்ல வேண்டுமானால் மூன்று தொனிகளில் சொல்வார். கடவுளிடம் அச்சம், மகனிடம் பரிவு, இறுதியில் பதற்றம் என அவை பிரியும். சொல் மாறாமல் இருந்தும் தமிழில் 'அடியேன்' செய்த வேலையைக் குரல் செய்துவிடும். ஜான் ஹூஸ்டன் இயக்கி 1966இல் வெளிவந்த 'பைபிள்' படம் தொடக்கநூலின் முதல் 22 அதிகாரங்களைத் தழுவியது. திரைக்கதை எழுதியவர் கவிதை நாடக ஆசிரியர் கிறிஸ்டஃபர் ஃபிரை. ஆபிரகாமாக நடித்தவர் ஜார்ஜ் சி. ஸ்காட். மூலத்தின் மூன்று நாள் மௌனத்தைப் படத்தால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. தந்தையும் மகனும் அழிந்த சோதோமின் இடிபாடுகளூடே நடந்து செல்கின்றனர். அங்கே மகன் வினவுகிறான். காட்சி ஆழமானதே. சோதோமின் நீதியைப் பற்றிக் கடவுளிடம் வாதாடிய அதே ஆபிரகாம், தன் மகன் செய்தியில் வாய் திறக்கவில்லை என்ற உண்மையை அது நினைவூட்டுகிறது. ஆயினும் மூலம் வாசகனிடம் ஒப்படைத்த வேலையை இயக்குநர் தாமே செய்து முடித்துவிட்டார். சிறந்த உரையாசிரியர் செய்யும் பணி அது, மொழிபெயர்ப்பாளர் பணியன்று.

வெற்றிடங்களும் சுவையும்

இன்றைய கேளிக்கைச் சுவை மாந்தரின் செயலுக்குக் காரணம் கேட்கிறது, முன்கதை கேட்கிறது, எதிராளி ஒருவனைக் கேட்கிறது. விவிலியம் இம்மூன்றையும் பெரும்பாலும் தருவதில்லை. ஆதலால் திரைக்கதை ஆசிரியரின் கை எங்கே நீளும் என்பதை மூலபாடத்தைக் கொண்டே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் மோசே பார்வோன் மகளால் மகனாக ஏற்கப்படுவது 10ஆம் வசனம். வளர்ந்தவனாய்த் தன் இனத்தாரைக் காணச் செல்வது 11ஆம் வசனம். இடையில் எதுவுமில்லை. செசில் பி. டெமில் 1956இல் எடுத்த 'பத்துக் கட்டளைகள்' படத்தின் பெரும்பகுதி இவ்விரு வசனங்களுக்கு இடையிலேயே நடக்கிறது. அரசிளங்குமரியின் காதல், இளவரசர் இருவரின் போட்டி, நகர் எழுப்புதல் ஆகியன அங்கே குடியேறுகின்றன. டெமில் இதனை மறைக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில் தாமே திரைச்சீலைக்கு முன் தோன்றி, விவிலியம் விட்ட ஆண்டுகளை ஃபிலோ, ஜோசிஃபஸ் முதலிய பண்டை ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பியதாக அறிவிக்கிறார். அவர் அறிவிக்காது விட்ட மாற்றம் வேறொன்று. மூலத்து மோசே தனக்குத் திக்கும் நாவும் மந்தமான வாயும் உண்டெனச் சொல்லிப் பணியை மறுப்பவர். அதனாலேயே ஆரோன் அவருக்கு வாயாக அமைகிறார். சார்ல்டன் ஹெஸ்டனின் மோசேயோ முழங்கும் பேச்சாளர். நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போர் இந்த மாற்றத்தைக் குறையாகக் கணக்கிடுவதில்லை.

நோவாவின் செய்தி இன்னும் கூர்மையானது. வெள்ளம் வருமுன்னும் வெள்ளத்தின்போதும் அது வடிந்த பின்னும் நோவா ஒரு சொல்லும் பேசியதாகத் தொடக்கநூல் கூறவில்லை. அவர் பேசியதாகப் பதிவாகும் முதல் சொற்கள் 9ஆம் அதிகாரம் 25ஆம் வசனத்தில் வருகின்றன. அவை கானானுக்கு இடும் சாபம். உலகம் அழிவதைப் பார்த்து வாய் திறவாத மனிதன் குடும்பத் தகராறில் வாய் திறக்கிறான். எந்தத் திரைக்கதை ஆசிரியராலும் இந்த மௌனத்தை இரண்டு மணி நேரம் காக்க இயலாது. டேரன் அரனோஃப்ஸ்கி 2014இல் வெளியிட்ட 'நோவா' படம், உலகில் மனித இனமே மிஞ்சக் கூடாது என்று நம்பித் தன் பேரக்குழந்தைகளைக் கொல்லத் துணியும் மனிதனாக நோவாவைப் படைத்தது. பேழைக்குள் ஒளிந்திருக்கும் எதிராளியும் சேர்க்கப்பட்டான். கிறித்தவ அமைப்புகளின் எதிர்ப்பை அடுத்து, இது கதையால் தூண்டப்பட்ட படைப்பு, கலையுரிமை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது என்ற அறிவிப்பை விளம்பரங்களில் சேர்க்கப் பாரமவுண்ட் நிறுவனம் முன்வந்தது. சேர்க்கைகளைக் கண்டு கொதித்தோர் பலர். நோவா ஏன் அந்த அழிவை எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை என்ற பழைய வினாவை அப்படம் உண்மையாகவே எழுப்பியது என்பதைக் கண்டோர் சிலரே.

வெற்றிடத்தை நிரப்பும் இவ்வேட்கையை அமெரிக்கத் திரையின் நோயென்று தள்ளிவிட இயலாது. யூத மரபின் மித்ராஷ் விளக்கங்கள் அதே வேட்கையால் பிறந்தவை. தமிழிலும் சான்று உண்டு. நான்கு நற்செய்தி நூல்களிலும் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை; கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னபடி செய்கிறார். அந்த ஊமை மாந்தரைக் காப்பியத் தலைவராக்கி வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியைப் படைத்தார். நாட்டு வருணனையும் நகர வருணனையும் கிளைக்கதைகளும் அதில் பெருகிக் கிடக்கின்றன. ஆனால் தேம்பாவணியைப் படிக்கும் எவரும் அதனை மத்தேயுவின் மொழிபெயர்ப்பாகக் கொள்வதில்லை. காப்பியம் என்னும் இலக்கிய வகையே 'இது புனைந்துரை' என்று முன்னறிவித்துவிடுகிறது. வருணனையின் மிகுதி அந்த அறிவிப்பை ஒவ்வொரு பாட்டிலும் புதுப்பிக்கிறது. திரைப்படத்திற்கு இத்தகைய அடையாளம் இல்லை. மொழியில் 'போலும்' உண்டு, 'என்ப' உண்டு, 'கொல்' உண்டு. திரையில் தோன்றுவது யாவும் நிகழ்ந்ததாகவே தோன்றும். மூலத்தில் உள்ள காட்சியும் நேற்று எழுதிச் சேர்த்த காட்சியும் ஒரே ஒளியில் ஒரே உறுதியோடு நிற்கின்றன. 2019 முதல் வெளிவரும் 'தி சோசன்' தொடர் தன் முதற்பகுதியின் தொடக்கத்தில், முன்கதைகளும் மாந்தரும் உரையாடலும் சேர்க்கப்பட்டுள்ளன என எழுத்தில் அறிவிப்பது இக்குறையை உணர்ந்தமையாலேயே. அத்தொடரின் சுவை முழுக்க இக்காலத் தொலைக்காட்சிச் சுவையே. எனினும், மூலம் எது, சேர்க்கை எது என்பதில் அது காட்டும் நேர்மை அடுத்துப் பேசவிருக்கும் படங்களில் இல்லை.

சொல் பிசகாப் படங்கள்

மூலத்தின் ஒரு சொல்லையும் விடாமலும் ஒரு சொல்லையும் கூட்டாமலும் எடுத்ததாகக் கூறிக்கொள்ளும் படங்கள் தனி வகையின. 'விஷுவல் பைபிள்' வரிசையில் 1993இல் வெளிவந்த 'மத்தேயு' இவற்றுள் குறிப்பிடத்தக்கது. நான்கு மணி நேரத்திற்கு மேல் ஓடும் இப்படம் நியூ இண்டர்நேஷனல் வெர்ஷன் என்னும் ஆங்கிலத் திருப்புதலைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுகிறது. முதியவரான மத்தேயு கதையைச் சொல்லிச் செல்கிறார். இயேசுவாக நடித்த புரூஸ் மார்கியானோ புன்னகையும் சிரிப்புமாக வருகிறார். இதனைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். வாடிய முகத்தோடு மேலே நோக்கும் இயேசுக்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால் இயேசு அழுதார் என்று கூறும் நற்செய்தி நூல்கள் அவர் சிரித்தார் என்று எங்கும் கூறவில்லை. சிரிக்கவில்லை என்றும் கூறவில்லை. 'சொன்னார்' என்ற வினைக்கு அடை கொடுக்காமல் விடுவதே அந்நூல்களின் வழக்கம். சிரித்துச் சொன்னாரா, சினந்து சொன்னாரா என்பது படிப்போரிடம் விடப்படுகிறது. சொல்லைக் கூட்டாத படம் ஒவ்வொரு வினைக்கும் ஓர் அடையைக் கூட்டியிருக்கிறது. அச்சில் செய்திருந்தால் அது பெருங்குற்றமாகக் கருதப்பட்டிருக்கும்.

பிலிப் சாவில் இயக்கி 2003இல் வெளிவந்த 'யோவான் நற்செய்தி' மூன்று மணி நேரப் படம். கிறிஸ்டஃபர் பிளம்மரின் குரல் எடுத்துரைக்கிறது. இதன் பாடம் குட் நியூஸ் பைபிள். மொழிபெயர்ப்பியலார்க்கு இப்படம் சுவையான முரண் ஒன்றைத் தருகிறது. குட் நியூஸ் பைபிள் சொல்லுக்குச் சொல் பெயர்த்த திருப்புதலன்று; யூஜின் நைடா வகுத்த இயங்குநிலைச் சமன்மைக் கோட்பாட்டின் பெரும் பரிசோதனையே அது. சொல்லை விட்டுப் பொருளைப் பற்று என்ற கொள்கையால் உருவான பாடத்தைச் சொல் பிசகாமல் படமாக்கியிருக்கின்றனர். கானா ஊர்த் திருமணத்தில் இயேசு தம் தாயை 'கூனாய்' என விளிப்பது கிரேக்க மூலம். 'பெண்ணே' என்பது அதன் நேர்ப்பொருள். பழைய தமிழ்த் திருப்புதல் 'ஸ்திரீயே' என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'அம்மா' என்கிறது. குட் நியூஸ் பைபிளோ அவ்விளியையே நீக்கிவிடுகிறது. ஆகவே சொல் பிசகாத அப்படத்தைப் பார்ப்பவர் அச்சொல்லைக் கேட்க வாய்ப்பில்லை. இதே திருப்புதல், யோவான் நூலில் பகைமைத் தொனியோடு வரும் 'யூதர்' என்னும் சொல்லைப் பல இடங்களில் 'யூத அதிகாரிகள்' எனப் பொருள் சுருக்கித் தருகிறது. வரலாற்றில் அச்சொல் விளைத்த கேட்டை எண்ணினால் இம்முடிவு போற்றத்தக்கது. ஆனால் அது மொழிபெயர்ப்பாளரின் முடிவு. சொல்லுக்குச் சொல் என்ற விளம்பரத்தின் பின்னே அது மறைந்துவிடுகிறது.

பார்வையாளர் இப்படங்களைப் பற்றிக் கூறும் குறை அவை சலிப்பூட்டுகின்றன என்பது. அக்குறையைச் சுவைக் கேடு என ஒதுக்குவது எளிது, ஒதுக்குவது தவறு. எடுத்துரைஞர் குரல் ஒருவர் எழுந்தார் என்கிறது, நடிகரும் எழுகிறார். நிகழ்ச்சி இருமுறை நடக்கிறது. மூலமோ சொற்சிக்கனத்திற்குப் பேர்பெற்றது. கூறியது கூறல் என்னும் குற்றத்தை மூலத்தின்மீது ஏற்றிவிட்டு அதனை உண்மையாதல் என்று அழைக்க இயலாது.

வினையெச்சம் ஒன்று

மெல் கிப்சன் 2004இல் வெளியிட்ட 'கிறிஸ்துவின் பாடுகள்' உண்மையாதலுக்கு வேறொரு வழியைத் தேர்ந்தது. மாந்தர் அரமேயத்திலும் இலத்தீனிலும் எபிரேயத்திலும் பேசுகின்றனர். பார்வையாளர் துணைத்தலைப்புகளைப் படிக்கின்றனர். உரையாடல்களைப் பண்டைய மொழிகளில் ஆக்கித் தந்தவர் இயேசு சபைத் துறவியும் அறிஞருமான வில்லியம் ஃபுல்கோ. அயல்மொழிப் படத்தை விரும்பாத அமெரிக்கப் பொதுமக்களிடையே இத்தகைய படம் ஓடாது என்பதே பொதுக் கணிப்பு. அது உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. கேளிக்கைச் சுவையை மறுத்து வென்ற படமெனச் சிலர் இதனைப் போற்றினர்.

மூலபாடத்தை அருகில் வைத்துப் பார்த்தால் வேறு செய்தி தெரிகிறது. இயேசு சாட்டையால் அடிக்கப்பட்டதை மத்தேயு (27:26) 'ஃபிராகெல்லோசாஸ்' என்னும் ஒரே சொல்லால் கூறுகிறார். இலத்தீனிலிருந்து கிரேக்கம் கடன்பெற்ற அச்சொல் வாக்கியத்தில் வினைமுற்றாகக்கூட நிற்கவில்லை. தமிழ் இலக்கணப்படி அதனை வினையெச்சம் எனலாம். வினைமுற்று 'ஒப்படைத்தான்' என்பது. அடித்தல் ஒப்படைத்தலுக்குள் அடங்கிப் போகிறது. மாற்கும் அதே எச்சத்தையே கையாள்கிறார். லூக்காவில் பிலாத்து தண்டித்து விடுவிப்பேன் என்று சொல்வதோடு சரி. அடித்த நிகழ்ச்சி கூறப்படவில்லை. சிலுவையில் அறைதலும் மத்தேயுவில் (27:35) எச்சமே. 'அறைந்தபின் ஆடைகளைப் பங்கிட்டனர்' என்ற அமைப்பில் ஆடையைப் பங்கிடுதலே முற்றாகிறது. கொடுமையைக் கண் முன் விரிக்காமல், அதனைச் செய்தவர்களின் அலட்சியத்தை முன்னிறுத்துவது இத்தொடரமைப்பு. அலட்சியமாகச் சொல்லப்படுவதால்தான் அது நெஞ்சைச் சுடுகிறது. கிப்சனின் படத்தில் சாட்டையடி நெடும் நிமிடங்கள் நீள்கிறது, கருவிகள் மாற்றப்படுகின்றன, சதை கிழிவது அண்மைக் காட்சியில் காட்டப்படுகிறது. இவ்விரிவின் மூலம் நற்செய்தி நூலன்று. ஜெர்மானியத் துறவி அன்னா கத்தரீனா எம்மெரிக்கின் காட்சிகளைக் கவிஞர் கிளெமென்ஸ் பிரெண்டானோ எழுதி 1833இல் வெளியிட்ட நூலின் செல்வாக்கு அதில் மிகுதி. எச்சத்தை முற்றாக்கியதோடு நில்லாமல் முழு அதிகாரமாக்கியதில் இக்கால வன்முறைப் படங்களின் சுவையே பங்காற்றியிருக்கிறது. பண்டைய மொழிகள் அதற்கு ஒரு போர்வையாயின.

மொழித் தேர்விலும் சிக்கல் உண்டு. கிழக்குப் பகுதியில் உரோமை ஆட்சியின் பொதுமொழியாக விளங்கிய கிரேக்கம் படத்தில் ஒலிக்கவேயில்லை. பிலாத்துவும் இயேசுவும் இலத்தீனில் பேசுகின்றனர். இது வரலாற்றறிஞர் பலரும் சுட்டிய குறை. மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய குறை மற்றொன்று. மாற்கு தம் கிரேக்கப் பாடத்தில் 'தலித்தா கூம்', 'எப்பத்தா', 'அப்பா', 'எலோயி' ஆகிய அரமேயச் சொற்களை அப்படியே வைத்து உடனே பொருளும் தருகிறார். உச்சநிலைகளில் மட்டும் மூலக்குரல் கிரேக்கத்தைக் கிழித்துக்கொண்டு கேட்கிறது. படம் முழுவதும் அரமேயமானால் இவ்வேறுபாடு அழிந்துவிடும். சிலுவையின் கதறலும் தெருப் பேச்சும் ஒரே மொழியாகிவிடுகின்றன.

எல்லாவற்றினும் கவனத்திற்குரியது மத்தேயு 27:25. கூட்டத்தினர் இயேசுவின் இரத்தப்பழியைத் தம்மீதும் தம் மக்கள்மீதும் ஏற்பதாகக் கூறும் அவ்வசனம் ஐரோப்பாவில் யூதர்மீது நிகழ்த்தப்பட்ட கொடுமைகளுக்கு நூற்றாண்டுகளாகச் சான்றாகக் காட்டப்பட்டது. படம் வெளிவருமுன் எழுந்த எதிர்ப்பினால் அத்தொடருக்குரிய துணைத்தலைப்பு நீக்கப்பட்டது. அரமேய ஒலி மட்டும் நீக்கப்படவில்லை. சொல் இருக்கிறது, மொழிபெயர்ப்பு இல்லை. யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற வினாவைத் தீர்க்காமல் நழுவும் வழி இது. படத்தைத் தயாரித்தோர் மூலத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை, எதிர்ப்பையும் ஏற்றுக்கொண்டனர் எனக் கூறிக்கொள்ளலாம். அரமேயத்தின் இன்றைய வழக்குகளைப் பேசும் சிறு சமூகத்தாரும் அறிஞரும் தவிரப் பிறர் அதனை அறியார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இவ்வாறு ஒரு வாக்கியத்தைப் பெயர்க்காமல் விட்டு அடிக்குறிப்பும் தராது போவாராயின் அவர் தம் தொழிலுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்.

பசோலினியின் மத்தேயு

இத்தாலிய இயக்குநர் பியேர் பாவலோ பசோலினி 1964இல் எடுத்த 'மத்தேயுவின்படி நற்செய்தி' சொற்கணக்கில் நிறைவானதன்று. தலைமுறை அட்டவணை இல்லை. உவமைகள் பல இல்லை. நிகழ்ச்சிகளின் வரிசை சில இடங்களில் மாறியிருக்கிறது. பேசப்படும் உரையோ ஏறத்தாழ முழுவதும் மத்தேயுவின் உரையே. பசோலினி மார்க்சியர், இறைநம்பிக்கை அற்றவர். பாலஸ்தீனத்திற்குச் சென்று இடம் பார்த்து, அது நவீனமாகிவிட்டதென்று கண்டு, தென் இத்தாலியின் மத்தேரா முதலிய ஏழை ஊர்களில் படமெடுத்தார். உழவரும் தொழிலாளரும் எழுத்தாளர் சிலரும் நடித்தனர். முதுமையுற்ற மரியாவாக நடித்தவர் அவருடைய தாயே. இயேசுவின் முகம் என்ரிக்கே இராசோக்கி என்னும் ஸ்பானிய மாணவருடையது. குரல் இத்தாலிய நடிகர் என்ரிக்கோ மரியா சலெர்னோவுடையது.

படத்தின் தொடக்கம் ஈண்டு விரிவாக நோக்கத்தக்கது. ஓர் இளம்பெண்ணின் முகம். அவளைப் பார்க்கும் ஆடவனின் முகம். பின்னர் அவள் கருவுற்றிருப்பது தெரிகிறது. எவரும் பேசவில்லை. அவன் திரும்பி நடக்கிறான், ஊர்ப்புறத்தில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்கிறான், சோர்ந்து கண்ணயர்கிறான். அதன் பிறகே வானதூதரின் குரல் எழுகிறது. படத்தின் முதற்சொற்கள் அவை. மத்தேயுவில் யோசேப்பு பேசுவதில்லை என்பதை நினைவுகூர்ந்தால், மூலத்தின் மௌனத்தை மௌனமாகவே பெயர்த்த அருமை விளங்கும். யோசேப்பின் மனத்தில் ஓடியது ஐயமா, வெட்கமா, இரக்கமா என்று அம்முகம் முடிவு கூறுவதில்லை. இடத்தையும் உடையையும் மாற்றிய இயக்குநர் கூற்றின் அளவை மாற்றவில்லை. மலைப்பொழிவை அவர் ஒரே முகத்தின் அண்மைக் காட்சிகளாக அடுக்குகிறார். ஒளியும் பின்புலமும் மாறுகின்றன, முகமும் பேச்சும் தொடர்கின்றன. மூன்று அதிகாரங்கள் ஒரே நாளில் ஒரே இடத்தில் பேசப்பட்டவையல்ல, தொகுக்கப்பட்டவை என்ற பாட ஆய்வாளரின் கருத்து இங்குக் காட்சியாகிவிட்டது. கயபாவின் முன்னும் பிலாத்தின் முன்னும் நடக்கும் விசாரணைகளைக் கூட்டத்தினரின் தலைகளுக்கும் தோள்களுக்கும் இடையே, தொலைவிலிருந்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார். சாட்சி எவ்வளவு பார்த்திருக்கக் கூடுமோ அவ்வளவே காட்டப்படுகிறது. 'போலும்' என்பது திரைக்கு இல்லை என்று மேலே கூறப்பட்டது. இக்காட்சிகள் அதற்கு மிக அருகில் வருகின்றன.

ஆங்கிலத்தில் இப்படம் வெளியானபோது தலைப்பில் மத்தேயுவின் பெயருக்கு முன் 'புனித' என்ற அடை சேர்க்கப்பட்டது. பசோலினியின் தலைப்பில் அது இல்லை. அவர் அதனை விரும்பவும் இல்லை. படம் முழுவதும் தவிர்த்த அடைமொழியை மொழிபெயர்ப்பு தலைப்பிலேயே ஒட்டிவிட்டது.

இந்திய மொழிகளில்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. லூக்கா நற்செய்தியை அடிப்படையாகக் கொண்டு 1979இல் வெளிவந்த 'இயேசு' படம் திரையரங்குகளில் பெரும் வெற்றி பெறாவிடினும், பின்னர் 2000க்கும் மேற்பட்ட மொழிகளில் குரல்மாற்றம் பெற்று ஊர்தோறும் காட்டப்பட்டது. தமிழும் அவற்றுள் ஒன்று. எழுத்தறியாத பலர்க்கு அவர்தம் மொழியில் கிடைத்த முதல் நற்செய்தி நூல் அச்சு நூலன்று, இப்படமே. தமிழில் 'பாசமலர்' (1961) முதலிய படங்களை இயக்கிய ஏ. பீம்சிங்கின் பெயரோடு இணைந்த தெலுங்குப் படமான 'கருணாமயுடு' (1978) நாட்டின் பக்திப் பட மரபில் இயேசுவைக் கொண்டுவந்து, பல மொழிகளில் பரவியது. பாட்டும் உருக்கமும் அதன் மொழி. 'இயேசு' படம் தன்னை லூக்காவின் பாடம் என்கிறது. 'கருணாமயுடு' அவ்வாறு கூறிக்கொள்வதில்லை. அவ்வகையில் அது தேம்பாவணியின் வழிவந்தது எனல் பொருந்தும்.

குரல்மாற்றும் தமிழ் உரையாசிரியர் எதிர்கொள்ளும் தடைகள் இருவகை. முதலாவது வாயசைவு. 'ஃபாலோ மீ' என்னும் மூன்று அசைகளில் 'என்னைப் பின்பற்றி வா' என்பது அடங்காது. ஆங்கிலத்தில் ஏவல்வினை முதலில் வருகிறது, தமிழில் இறுதியில். நடிகரின் கை நீளும் கணத்தில் தமிழ்க் குரல் இன்னும் 'என்னை' என்ற சொல்லில் நிற்கும். 'வா' என்று மட்டும் சொல்லிவிட்டால் அசைவு பொருந்தும். பின்பற்றுதல் என்னும் பொருள் போய்விடும். இத்தடை தொழில்நுட்பத் திறமையால் ஓரளவு கடக்கக் கூடியது.

இரண்டாவது மரியாதை வழக்கு. அச்சுத் தமிழில் இயேசு 'என்றார்', பிலாத்து 'என்றான்'. கிரேக்கத்தில் இருவர்க்கும் வினைவடிவம் ஒன்றே. ஆசிரியர் யார் பக்கம் நிற்கிறார் என்பதைத் தமிழ் விகுதி ஒவ்வொரு வரியிலும் சொல்லிவிடுகிறது, மூலம் சொல்வதில்லை. திரையில் 'என்றார்', 'என்றான்' இரண்டும் மறைந்துவிடுவதால், அச்சுத் திருப்புதலைவிடத் திரைப்படம் இவ்வோரிடத்தில் மூலத்திற்கு நெருங்கி நிற்க வாய்ப்புண்டு. நடைமுறையில் ஒளியும் இசையும் ஆர் விகுதியின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 'பென்ஹர்' (1959) படத்தில் இயேசுவின் முகத்தையே காட்டாமல் விட்டது அதன் உச்சம். ஆனால் மாந்தர் ஒருவரோடொருவர் பேசும் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்பவற்றை விட்டுவிட இயலாது. பழைய திருப்புதலில் பிலாத்து இயேசுவை 'நீ' என்கிறான். இயேசு பிலாத்தை 'நீர்' என்கிறார். அச்சில் படிப்பவர்க்கு 'என்றார்', 'என்றான்' ஆகிய விகுதிகள் அருகே நின்று அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துவிடுகின்றன. திரையில் விகுதி இல்லை. கைதி அதிகாரியை 'நீர்' என்றும் அதிகாரி கைதியை 'நீ' என்றும் அழைப்பது, மாவட்ட நீதிமன்றத்தில் கேட்பதுபோல, அப்பட்டமாகக் கேட்கும். குரல்மாற்றத்திற்கு உரையெழுதுவோர் அதைக் கேட்டு அஞ்சி 'நீ' என்பதை 'நீர்' ஆக்கிவிடுவது இயல்பு. மூலத்தின் விசாரணைக் காட்சியோ அந்த அப்பட்டத்தைத்தான் வேண்டி நிற்கிறது.